அட்டைப்பட அங்கி

ஜூன் 4

காலை முழுவதும் கல்லூரி அரங்கில். இறுதியாண்டு முடிக்கும் பிள்ளைகளின் உடைக் கண்காட்சி. பெரிய பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், முன்வரிசையில் உட்கார்ந்தார்கள், சிறப்பு விருந்தினராக வந்த நடிகையோடு படம் எடுத்துக்கொண்டார்கள், போய்விட்டார்கள். மேடைக்குப் பின்னால் தொங்கிய துணிகளை ஒருவர்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. நான்கு வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு தைத்த பிள்ளைகள் சுவரோரமாக நின்று அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பத்திரிகை பிறந்ததே இந்த எரிச்சலில்தான். எழுத்து நான், படம் என் கொழுந்தன். மாதம் ஒரு இதழ். படிப்பை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று விழிக்கிற பிள்ளைகளின் உடைகள் மட்டும். புகழ்பெற்றவர்களுக்கு இதில் இடமில்லை. ஊரில் மற்ற எல்லா இடமும் அவர்களுக்குத்தானே?

ஒவ்வொரு உடைக்கும் பக்கத்தில் ஒரு விளக்கத் தாள் வைத்திருப்பார்கள். 'நூலின் மௌனம்', 'வெறுமையின் மடிப்புகள்' என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள். நான் படிப்பதில்லை. தாளைக் கவிழ்த்துவைத்துவிட்டுத்தான் துணியைப் பார்ப்பேன். இத்தனை வருடமாக இதுதான் என் வழக்கம். கொழுந்தன் கேலி செய்வான் — "அண்ணி வந்துட்டாங்க, தாளெல்லாம் குப்புறப் படுத்துக்கோங்க."

கடைசி வரிசையில் ஓர் அங்கி. சாம்பல் கலந்த நீலம். ஒரு பக்கம் முழங்காலுக்குக் கீழே வரை நீளம், மறுபக்கம் இடுப்போடு நின்றுவிடுகிறது. அந்தக் குட்டைப் பக்கத்தில் இரண்டு பாதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நாடாவால் முடிச்சு. தையல் அத்தனை சுத்தம். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், அங்கேயும் ஒரு நூல் பிசிறு இல்லை. பக்கத்தில் நின்ற பெண் வாயைத் திறந்தாள். நான் உதட்டில் விரலை வைத்து, "நீ பேசாதே, துணி பேசட்டும்" என்றேன்.

அடுத்த இதழுக்கு அட்டைப்படம் கிடைத்துவிட்டது.

ஜூன் 5

இவரிடம் அங்கியைப் பற்றி அரை மணி நேரம் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "பாக்கெட் இருக்கா?" என்றார். கட்டிக்கொண்டேன், வேறென்ன செய்ய!

ஜூன் 12

வீட்டு மொட்டை மாடியில் படப்பிடிப்பு. அந்தப் பெண் இருந்து பார்க்கவில்லை. துணி திருத்தித் தரும் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், விடுப்பு கிடையாதாம். அங்கியை உறையில் போட்டுக் காலையிலேயே கொண்டுவந்து கொடுத்தாள். கொழுந்தன் வழக்கம்போல, "உடை எங்களுக்குக் கடன்தான், தொலைச்சா அண்ணி பொறுப்பு" என்று விளையாட, அவள் சிரிக்காமல், "கைநீளம் எட்டு வாட்டி பிரிச்சுத் தெச்சது. தொலைச்சா வேற யாரும் பொறுப்பாக முடியாது" என்றாள். அவள் போனதும் இவன் அவளுக்கு 'கறார்' என்று பெயர் வைத்துவிட்டான். போகும்முன் வாசலில் செருப்பை மாட்டும்போது, "ஏதாவது சந்தேகம்னா போன் பண்ணுங்க அக்கா" என்றும் சொன்னாள்.

எங்களுக்கு என்ன சந்தேகம்? இருபது வருடமாகத் துணி பார்க்கிறேன்.

மாடல் எதிர்வீட்டு நர்சிங் மாணவி. நாடா முன்னால் வரும்படி மாட்டினோம். கழுத்து கொஞ்சம் தொண்டையைப் பிடித்தது. பின்னால் கிளிப் போட்டு இழுத்துவிட்டேன். பின்பக்கம் நீளமாகத் தொங்கியதால் நாற்காலியில் உட்கார்ந்தால் துணி சுருண்டுகொண்டது. "அக்கா, உக்காரவே முடியல" என்றாள். அப்படியானால் நில் என்றேன். நின்றாள். காற்றடித்து, முன்னால் முடிச்சும் பின்னால் வாலுமாக — அடடா! கொழுந்தன் நிறுத்தாமல் சுட்டுத் தள்ளினான்.

ஜூன் 16

கட்டுரை முடிந்தது. இந்த வருடத்தில் நான் எழுதியதிலேயே சிறந்தது. முழங்கை மடிப்பை முன்பக்கம் கொண்டுவந்த துணிச்சலுக்கு மட்டும் ஒரு பத்தி.

ஜூலை 1

இதழ் வந்துவிட்டது. அச்சுக்கு முன்னால் யாருக்கும் காட்டுவதில்லை என்பது எங்கள் இன்னொரு வழக்கம். காட்டினால் இந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு தையலுக்கும் நொட்டை சொல்லி உயிரை எடுக்கும். அட்டையைப் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்கிற ஒரே கேள்வி, யார் இந்தப் பெண்? தலைகால் புரியவில்லை எனக்கு. பழைய மாணவர்கள்கூட அழைத்துப் பேசினார்கள். கறாரிடமிருந்து மட்டும் ஒரு வார்த்தை இல்லை. திக்குமுக்காடிப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 3

காலையில் பெரிய துணிக்கடை ஒன்றிலிருந்து அழைப்பு. எல்லாக் கிளைகளுக்கும் சரக்கு எடுக்கிற அம்மாளே பேசினார். "அட்டைல இருக்கிற மாதிரியே வேணும். அப்படியே. நாடா முன்னால, வால் பின்னால." படிப்பு முடித்த சூட்டோடு ஒரு பிள்ளைக்கு இப்படி வாய்ப்பது எங்கள் இதழின் வரலாற்றிலேயே இல்லை. துள்ளிக் குதித்துக் கறாரை அழைத்தேன். கடையின் தையல் இயந்திரங்கள் ஓடுகிற சத்தம் பின்னால் கேட்டது. எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.



"என்னம்மா, சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சா?"

"அக்கா. அது முதுகுப் பக்கம்."

"எது?"

"நாடா. அது முதுகுல வரணும். நீங்க திருப்பி மாட்டிட்டீங்க."

அப்புறம் அவள் சொன்னதெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருந்தது. கையைத் தூக்க முடியாதவர்களுக்கான உடை. முன்னாலிருந்து கைகளை நுழைத்துவிட்டு இன்னொருவர் முதுகில் கட்டிவிட வேண்டும். உட்கார்ந்தபடியே இருப்பவர்களுக்கு அடியில் துணி சுருளக் கூடாது என்றுதான் பின்பக்கம் இடுப்போடு நிற்கிறது. மடியை மூடத்தான் முன்பக்கம் நீளம்.

"தாள்ல எழுதியிருந்தேனே அக்கா" என்றாள். குத்திக்காட்டவில்லை. தகவல் மாதிரி சொன்னாள். அதுதான் இன்னும் சுட்டது.

ஜூலை 4

முழங்கை மடிப்பை முன்பக்கம் கொண்டுவந்த துணிச்சல்! முழங்கை எந்தப் பக்கம் மடங்கும் என்று தெரியாத நான் இருபது வருடமாகத் துணி பார்க்கிறேனாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஜூலை 6

கொழுந்தன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "விடுங்க அண்ணி. நாம போட்ட மாதிரியும் அழகாத்தானே இருக்கு? கடைக்காரங்களுக்கும் அதானே வேணும்? அந்தப் பொண்ணுக்கும் நல்லது. யாருக்கு நஷ்டம்?"

ஆனாலும் உட்கார்ந்து திருத்தம் எழுதிவிட்டேன். இணையப் பக்கத்தில் உடனே போட்டுவிடலாம் என்று கறாரை அழைத்துப் படித்தும் காட்டினேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

"போடாதீங்க" என்றாள்.

"தப்பு எங்களுது. நாங்கதான் சொல்லணும்."

"தப்பு உங்களுது. அங்கி என்னுது. போட்டா கடை ஆர்டர் போயிடும். போடலைன்னா அங்கி போயிடும். எதை விடறதுன்னு நான் இன்னும் முடிவு பண்ணல. உங்க மனசு ஆறணும்னு அவசரப்படாதீங்க."

போனை வைத்துவிட்டாள். கோபம் வந்தது. சின்னப் பெண், என்ன பேச்சு! சமையலறையில் பாத்திரங்களை உருட்டினேன். இவர் எட்டிப் பார்த்து, "அவ சொன்னது சரிதானே?" என்றார். அவர் மேலும் கோபம் வந்தது.

சரிதான். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அந்தத் திருத்தத்தை எழுதினேன். அதில் 'நாங்கள்' என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது, 'அங்கி' எத்தனை இடத்தில் வருகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஜூலை 9

கறாரின் வீட்டுக்குப் போனேன். அவளே கூப்பிட்டாள். தரைத்தளத்தில் இரண்டு அறை. ஜன்னலோரம் தையல் இயந்திரம், கதவுக்குப் பின்னால் அளவு வெட்டிய காகிதச் சுருள்கள். நாற்காலியில் அவள் அம்மா. பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவராம். மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம். கால் கொஞ்சம் தேறியிருக்கிறது, வலது கை தேறவில்லை. அந்தக் கையைச் சால்வைக்குள் மறைத்துவைத்திருந்தார். அவர் போட்டிருந்ததும் கறார் தைத்ததுதான், பூப்போட்ட வீட்டு உடை. முன்னாலிருந்து பார்த்தால் எந்தக் கடையிலும் கிடைக்கிற மாதிரி இருந்தது.

மேசையில் எங்கள் இதழ்.

"நல்லா வந்திருக்கு" என்றார் டீச்சர். குரல் அறையின் அந்தக் கோடி வரை போகிற குரல். கை போனாலும் குரல் போகவில்லை. "இப்படியே இருக்கட்டும். மாத்த வேண்டாம்."

"அம்மா, அது உனக்காகத் தெச்சது."

"அதனாலதான் சொல்றேன். எங்கம்மாவுக்கு உடம்பு முடியல, நான்தான் டிரெஸ் மாட்டிவிடறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வரணுமா? நான் எத்தனை பிள்ளைங்களை மைதானத்துல ஓட விட்டவ!" என்னைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்கம்மா. உங்களை ஒருத்தர் பாவம்னு பார்த்தா பிடிக்குமா?"

பிடிக்காது என்றேன். மூன்று நாளாகக் கொழுந்தன் என்னை அப்படித்தான் பார்க்கிறான், எனக்கே தாங்கவில்லை. இதைச் சொன்னதும் டீச்சர் சிரித்துவிட்டார். கறார் சிரிக்கவில்லை.

வாசல் வரை வந்தாள். இதழ் வந்த அன்று அம்மாவுக்கு எத்தனை சந்தோஷம் என்று சொன்னாள். படத்தைப் பார்த்ததும், 'அப்பாடா, யாருக்கும் தெரியல' என்றாராம். அதனால்தான் அவள் எனக்குப் போன் செய்யவில்லை.

"உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டேன். அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

"கல்லூரில மூணு சாரும் கேட்டாங்க. இதுல ஃபேஷன் எங்கம்மா இருக்கு, ஆஸ்பத்திரிக்குத் தெச்சுக் குடுக்க வேண்டியதுதானேன்னு. இல்ல சார், எங்கம்மா வெளில போட்டுட்டுப் போகணும், நாலு பேரு திரும்பிப் பாக்கணும்னு சொன்னேன். நாலு பேரு திரும்பிப் பாத்துட்டாங்க அக்கா. ஆனா எங்கம்மாவை இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் முன்னால் அழக் கூடாது என்று தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜூலை 14

கடையில் சந்திப்பு. துணைக்கு வரச் சொன்னாள், போனேன். கொள்முதல் அம்மாள் கெட்டவர் இல்லை, காரியக்காரர். கறார் அங்கியைச் சரியாகத் திருப்பிக் காட்டி, யாருக்கு, ஏன் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கடைசிவரை கவனமாகக் கேட்டார். தையலைத் தடவிப் பார்த்தார். நான் மனசுக்குள் கோட்டை கட்டத் தொடங்கிவிட்டேன்.

"ரொம்ப நல்ல விஷயம்மா. ஆனா எனக்கு அட்டைல இருக்கிறதுதான் வேணும். இன்னொண்ணு, இது சீக்காளிங்க டிரெஸ்ஸுன்னு மட்டும் வெளில தெரிய வேண்டாம். தெரிஞ்சா யாரும் தொடமாட்டாங்க. பத்திரிகைல எதுவும் எழுதிடாதீங்க மேடம், சரியா?"

'மேடம்' என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் வாயைத் திறக்கப் போனேன், திறக்கவில்லை. முடிவு அவளுடையது என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தாள். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது சொன்னாள். "சரின்னு சொல்லத்தான் போனேன் அக்கா. சொந்தமா ஒரு இடம் பிடிச்சுடலாம். இன்னும் எத்தனை நாள் அடுத்தவங்க பேண்ட்டுக்கு ஓரம் அடிக்கிறது?" மூக்கை உறிஞ்சினாள். "நாளைக்குச் சரின்னு சொல்லிடறேன்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

ஜூலை 15

காலை எட்டு மணிக்குப் போன். கறார் எண். எடுத்தால் டீச்சர்.

"பத்திரிகைக்காரம்மா, படம் எடுக்க எப்ப வர்றீங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ராத்திரி மகள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள், சீக்காளி டிரெஸ் என்ற சொல் உட்பட.

"நான் மறைச்சா அது என் இஷ்டம். மறைக்கச் சொல்றதுக்கு அந்தக் கடைக்காரம்மா யாரு? நான் சீக்காளியா? எனக்கு ஒரு கை வரல, அவ்வளவுதான். எம்பொண்ணு தெச்சதை ஒளிச்சு வெச்சு விக்கணுமா? என்னங்க பேச்சு இது!"

"டீச்சர், ஆர்டர் போயிடும்."

"அதை அவகிட்டக் கேளுங்க. இங்கதான் நிக்கிறா."

போன் கைமாறியது. "போகட்டும் அக்கா" என்றாள் கறார். குரல் உடைந்திருந்தது. ஆனால் சிரிக்கிறாள் என்றும் தெரிந்தது.

ஜூலை 21

அவர்கள் வீட்டிலேயே படப்பிடிப்பு. இந்த முறை எங்கே விளக்கு, எங்கே நாற்காலி என்று எல்லாம் கறார்தான் சொன்னாள். டீச்சர் தலைவாரி, பொட்டு வைத்து, ஒரு மணி நேரம் முன்பே தயார். எந்தப் பக்கமிருந்து படம் எடுப்பது என்று நான் தயங்கியதும் கொழுந்தனைக் கூப்பிட்டார்.

"தம்பி, முதுகுப் பக்கமா நின்னு எடு. என் மூஞ்சியை எல்லாரும் பாத்ததுதான்."

கறார் முன்னால் மண்டியிட்டு, முதலில் வராத கையை நுழைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாகத் துணிக்குள்ளிருந்து வெளியே எடுத்தாள். பிறகு வருகிற கையை டீச்சரே நீட்டினார். அவள் எழுந்து பின்னால் போய் இரண்டு பாதிகளையும் ஒன்றன்மேல் ஒன்று இழுத்து நாடாவை முடிந்தாள். கழுத்து எங்கேயும் பிடிக்கவில்லை. கிளிப் தேவைப்படவில்லை. நீளப் பக்கம் மடியை மூடி வழிந்தது. டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த முதுகு! மைதானத்தில் வரிசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற முதுகு.

கொழுந்தன் ஒரு ஜோக்குகூட அடிக்கவில்லை. முடித்துவிட்டு வெளியே வந்ததும், "அண்ணி, போன தடவை நான் எடுத்தது வெறும் காத்து" என்றான்.

ஆகஸ்ட் 1

இதழ் வந்துவிட்டது. அச்சுக்கு முன்னால் கறாரிடம் காட்டினேன். ஒரு வரியை எடுக்கச் சொன்னாள், எடுத்தேன். அட்டையில் டீச்சரின் முதுகு. உள்ளே என் கட்டுரையின் முதல் வரிகள்: 'சென்ற இதழில் இந்த அங்கியை முன்பின் மாற்றி மாட்டினோம். அதைப் புகழ்ந்தும் எழுதினோம். தைத்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். பேசாதே என்று சொல்லியிருந்தேன்.'

ஆகஸ்ட் 3

கடையிலிருந்து மரியாதையாக ஒரு வரி. ஆர்டர் இல்லை. பெரிய பத்திரிகை ஒன்று எங்களைக் கிண்டல் செய்து துணுக்குப் போட்டிருக்கிறது, 'சட்டை மாட்டத் தெரியாதவர்கள்' என்று. எங்களைப் பற்றி அவர்கள் எழுதுவது இதுதான் முதல் முறை. கொழுந்தன் அதை வெட்டிக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டிவிட்டான்.

ஆகஸ்ட் 17

ஒன்றும் நடக்கவில்லை. கறார் திருத்தக் கடைக்குப் போகிறாள், வருகிறாள். அழைத்தால் நன்றாகத்தான் பேசுகிறாள், நான்தான் சரியாகப் பேசுவதில்லை. நாங்கள் முதலிலேயே ஒழுங்காக மாட்டியிருந்தால் அந்தக் கடை திரும்பியே பார்த்திருக்காது, அவளுக்கு ஆசையும் வந்திருக்காது. ஆசை காட்டிப் பிடுங்கின மாதிரி ஆகிவிட்டதே. பத்திரிகை நடத்துகிறேன், பிள்ளைகளுக்குக் கைகொடுக்கிறேன் என்று பேசுகிறேனே, இவளுக்கு என்ன கொடுத்தேன்?

இவர் தலையைத் தடவிவிட்டு, "அந்தம்மா முதுகை நான் இன்னும் மறக்கல" என்றார். பாக்கெட் பற்றி எதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 29

ஒரு வாசகர் கறாரின் எண் கேட்டார். அப்பாவுக்காம். கொடுத்தேன்.

செப்டம்பர் 6

இன்று மட்டும் நான்கு பேர். ஒரு பெண் தோள் அறுவை சிகிச்சை செய்துகொண்டவள். தனக்கு அடுத்த மாதம் கல்யாணம் என்றாள்.

அக்டோபர் 10

புதுப் படங்களுக்காகக் கறார் வீட்டுக்குப் போனேன். திருத்தக் கடைக்கு இப்போது பாதி நாள்தான் போகிறாள். முன்னறையில் இரண்டாவது இயந்திரம் வந்திருக்கிறது, உட்கார இடமில்லை. ஆறு அங்கிகள் தொங்கின, ஆறும் ஆறு விதம். ஒன்று சட்டை, ஒன்று சிவப்புப் பட்டில் கல்யாண உடை. எது முன்பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். பட்டு உடைக்கு வரும்போது மட்டும், "அக்கா, இதுகூடவா?" என்றாள்.

போன் அடித்தது. கறார் வாய் நிறைய குண்டூசி. உள்ளறையிலிருந்து டீச்சர், "நான் எடுக்கறேன், நீ தெய்" என்று சத்தம் போட்டார். அளவு கேட்கிற வேலை இப்போது அவருடையதாம். ஆர்டர் கொடுக்கிறவர்கள் முதலில் அவரிடம்தான் பேச வேண்டும். கதவு திறந்திருந்தது. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சால்வை கட்டிலில் கிடந்தது.

"ம்... சொல்லுங்க. தோள் வரைக்கும் தூக்க முடியுதா? முடியாதா? சரி. யாரு மாட்டிவிடறாங்க? வீட்டுக்காரரா? அவசரப்படுவாரா, பொறுமையா?" எதிர்முனையில் யாரோ தயங்கித் தயங்கிப் பேசுவது கேட்டது. பிறகு விசும்பல். டீச்சர் மைதானக் குரலை இறக்கிக்கொண்டு பேசினார்.

"அழாதீங்கம்மா. எனக்கு வலது கை. உங்களுக்கு எது?"